தெருவை அறிந்த தரகர்

சிவப்புத் தரை போட்ட வீடு அது. திருச்சி உறையூரில், சாலை ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில் இருந்தது. கொல்லையில் கிணறு, கிணற்றடியில் ஒரு துவைகல், அதையொட்டி ஆளுயரத்தைத் தாண்டி வளர்ந்த கறிவேப்பிலை மரம். அம்மா உள்ளே நுழைந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு அந்தத் தரையில் வெறுங்காலோடு சிறிது நேரம் நின்றார். சமையலறை ஜன்னலைத் திறந்து மூடிப் பார்த்தார். பிறகு கிணற்றில் வாளியை இறக்கி, ஒரு கை நீரை அள்ளி வாயில் ஊற்றிக்கொண்டார். என்னைத் திரும்பிப் பார்த்து, "இதையே முடித்துவிடலாம்" என்றார். ஒன்பது மாத அலைச்சலில் அம்மா வாயிலிருந்து வந்த முதல் சம்மதம் அது.

எங்களை அழைத்துவந்த தரகர் உள்ளே வரவில்லை. வெளித் திண்ணையில் உட்கார்ந்து யாரிடமோ போனில் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார். நான் வெளியே வந்து, "ஐயா, அம்மாவுக்குப் பிடித்துவிட்டது. முன்பணம் என்றைக்குக் கொடுக்கலாம்?" என்று கேட்டேன். அவர் போனைச் சட்டைப் பையில் வைத்தார். மடியிலிருந்த நீள நோட்டை மூடினார். "இப்போது கொடுக்காதீர்கள் அம்மா. இந்த வீட்டுக்கு இன்னும் ஒரு கையெழுத்து பாக்கி இருக்கிறது" என்றார்.

வீட்டை விற்றவர்கள் அண்ணன் தம்பி இருவர். பட்டா அவர்கள் பெயரில் இருந்தது. சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானம் போன்றவற்றைக் காட்டும் வில்லங்கச் சான்று முப்பது ஆண்டுகளுக்கும் வெறுமையாக இருந்தது. அதை நானே பதிவுத்துறையின் இணையதளத்தில் எடுத்துப் பார்த்து, இவ்வளவு சுத்தமான சொத்தா என்று மகிழ்ந்திருந்தேன். ஆனால் அவர்களுக்கு ஓர் அக்கா இருந்தார். வேறு சாதிப் பையனைத் திருமணம் செய்துகொண்டு தஞ்சாவூருக்குப் போனவர். அன்றிலிருந்து அந்த வீட்டில் யாரும் அவர் பெயரைச் சொல்வதில்லை. வெளியாள் கேட்டால் "நாங்கள் இரண்டு பேர்தான்" என்பார்கள். அப்பா உயில் எழுதாமல் 1996இல் இறந்தார், அம்மாவும் பிறகு போய்விட்டார். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மூன்று பிள்ளைகளுக்கும் சம பங்கு. தரகர் கேட்டபோது, அக்காவிடம் பேசிவிட்டோம், தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதித் தரச் சம்மதித்துவிட்டார் என்று தம்பிகள் சொல்லியிருக்கிறார்கள். நாங்கள் உள்ளே கிணற்று நீரைக் குடித்துக்கொண்டிருந்த நேரத்தில் அவர் அந்த அக்காவுக்கே போன் செய்து கேட்டிருக்கிறார். யாரும் அவரிடம் பேசவேயில்லை.

"அந்தப் பெண்ணும் என் மகளும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். அதனால்தான் எனக்குத் தெரியும்" என்றார்.

வீடு வாங்கத் தரகர் வைத்துக்கொள்ளலாமா, வேண்டாமா என்று நண்பர்கள் என்னிடம் கேட்கிறார்கள். நான் இந்தத் திண்ணையில் நடந்ததைச் சொல்லித்தான் தொடங்குகிறேன். வைத்துக்கொள்ளுங்கள் என்பதே என் பதில். ஆனால் அந்தப் பதிலுக்கு வந்து சேர நான் கொடுத்த விலையும் உண்டு. அதையும் சொல்லியாக வேண்டும்.

அப்பா போன பிறகு அம்மாவைச் சென்னைக்கு அழைத்துக்கொள்ள ஆனமட்டும் பார்த்தேன். காவிரியை விட்டு வரமாட்டேன் என்று ஒரே பிடியாக இருந்தார். 2022 கடைசியில் நான் வேலையைத் திருச்சிக் கிளைக்கு மாற்றிக்கொண்டு வந்தேன். கணக்குப் பிரிவில் இருபது ஆண்டு வேலை பார்ப்பவள் நான். வீடு வாங்குவதற்கான செலவைத் தாளில் எழுதியபோது, வேண்டாத செலவு என்று முதலில் அடித்தது தரகுக் கமிஷனைத்தான். வீடுகள் எல்லாம் போனிலேயே தெரிகின்றன, படம் இருக்கிறது, வரைபடம் இருக்கிறது, நடுவில் ஒருவர் எதற்கு என்று நினைத்தேன்.

"உரிமையாளரே நேரடி விற்பனை" என்று போட்டிருந்த எண்களை வரிசையாக அழைத்தேன். முதல் பத்தில் ஏழு தரகர்களுடையவை. மீதி மூன்றில் உண்மையான உரிமையாளர்கள் கிடைத்தார்கள். அவர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற ஆசிரியர், மிக நல்ல மனிதர். காபி கொடுத்து, மாடிக்கு அழைத்துப்போய் மலைக்கோட்டை தெரிவதைக் காட்டினார். மூலப் பத்திரத்தை ஒருமுறை பார்க்கலாமா என்று கேட்டேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. "என்னைப் பார்த்தால் ஏமாற்றுகிறவன் மாதிரியா இருக்கிறது?" என்றார். அதன்பின் விலை பேச்சே எழவில்லை. விலையைக் குறைத்துக் கேட்பதும் பத்திரத்தின் மேல் சந்தேகம் கேட்பதும் நேருக்கு நேர் நடந்தால் முகம் முறிந்துபோகிறது. கல்யாணப் பேச்சில் நடுவர் ஒருவர் இருப்பதற்கு என்ன காரணமோ, அதே காரணம் இங்கேயும் இருக்கிறது என்று அன்று புரிந்தது.

ஆகவே ஒரு தரகரைப் பிடித்தேன். நகரின் வேறொரு பகுதியில், கண்ணாடிக் கதவு போட்ட அலுவலகம், சுவரில் பெரிய வரைபடம். பேச்சு சுத்தமாக இருந்தது. மூன்றாவது நாளே ஒரு வீட்டைக் காட்டினார். விலை 40 லட்சம். உரிமையாளரைப் பார்க்கலாமா என்றேன். "அவர் வெளியூரில் இருக்கிறார். எல்லாம் என் பொறுப்பில்தான் விட்டிருக்கிறார். நீங்கள் நேரில் போனால் விலையை ஏற்றிவிடுவார்" என்றார். அன்று மாலையே இன்னொரு பார்ட்டி டோக்கன் போட வருவதாகச் சொன்னார். நான் 25,000 ரூபாயை ரொக்கமாகக் கொடுத்தேன். ரசீது வாங்கவில்லை.

அடுத்த ஞாயிறு அம்மா அந்த வீட்டின் மொட்டைமாடியைப் பார்க்க ஆசைப்பட்டார். சொல்லாமல் கொள்ளாமல் போனோம். வெளியூரில் இருப்பதாகச் சொல்லப்பட்டவரின் மனைவி வாசலில் பூத்தொட்டிக்கு நீர் ஊற்றிக்கொண்டிருந்தார். உள்ளே அழைத்து உட்கார வைத்து, "36க்கு உங்களுக்குச் சம்மதம்தானே அம்மா? அதற்குக் கீழே எங்களால் முடியாது" என்றார். நான் 40 என்று சொல்லப்பட்டதைச் சொன்னதும் அந்த அம்மாளின் கை நடுங்கியது. அவர்களிடமும் அந்தத் தரகர் தனியாகக் கமிஷன் பேசியிருந்தார். இதைத் தரகு உலகில் "மேல் வைத்து விற்பது" என்கிறார்கள். உரிமையாளருக்கு ஒரு விலை, வாங்குபவருக்கு ஒரு விலை, நடுவில் இருப்பது அவருக்கு. அது போக இரு பக்கக் கமிஷனும் அவருக்கே.

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 216ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. முகவர் தன்னை நியமித்தவருக்குத் தெரியாமல் அந்த வேலையில் தன் சொந்தக் கணக்கில் ஆதாயம் பார்த்தால், அந்த ஆதாயத்தை நியமித்தவர் கேட்டுப் பெறலாம் என்கிறது அது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே இந்தத் தந்திரத்தைச் சட்டம் பார்த்துவைத்திருக்கிறது என்று படித்தபோது எனக்குக் கோபம் இன்னும் கூடியது. ஆனால் சட்டம் கையில் இருந்தும் தாளில் ஒரு வரி இல்லாதவர் என்ன செய்ய முடியும்? நான் யாரை நியமித்தேன், எவ்வளவுக்கு, எதற்கு என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை. அந்த 25,000 திரும்பவில்லை. வீடு, மனை சம்பந்தமான முன்பணத்தை 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்று வருமான வரிச் சட்டம் 2015 முதல் சொல்கிறது என்பதைக்கூட அதற்குப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். கணக்குப் பிரிவில் இருந்துகொண்டு இதை அறியாமல் இருந்தது இன்றும் எனக்கு வலிக்கிறது.

அந்த இரவு தூக்கம் வராமல் கணக்குப் போட்டேன். எங்கள் பக்கத்தில் வாங்குபவரும் விற்பவரும் ஆளுக்கு ஒன்று முதல் இரண்டு விழுக்காடு தருவது வழக்கம். ஒரு விழுக்காடு என்றே வையுங்கள். வீடு 42 லட்சத்துக்கு முடிந்தால் என்னிடமிருந்து தரகருக்கு 42,000. நான் பிடிவாதமாக நின்று 40 லட்சத்துக்குக் குறைத்தால் 40,000. எனக்கு 2 லட்சம் மிச்சம், அவருக்கு 2,000 நஷ்டம். அந்த இரண்டு லட்சத்துக்காக மூன்று வாரம் என்னோடு நின்று போராட அவருக்கு என்ன இருக்கிறது? அவருக்கு வேண்டியது வேகம். இந்த வாரம் முடிந்தால் அடுத்த வாரம் வேறு வீடு. நேர்மையான தரகருக்கும் இந்தக் கணக்கு இதே கணக்குதான். ஆகவே விழுக்காட்டுக் கமிஷன் என்ற ஏற்பாட்டிலேயே வாங்குபவருக்காக நிற்பவர் யாரும் இல்லை.

இதைப் புரிந்துகொண்ட பிறகு இரண்டு வழி தெரிந்தது. தரகரே வேண்டாம் என்று திரும்பிப் போவது ஒன்று. அவரை எனக்காக நிற்க வைக்கும்படி ஏற்பாட்டை மாற்றுவது இன்னொன்று.

உறையூர்ப் பெரியவரை, அந்தத் திண்ணையில் முன்பணம் வேண்டாம் என்றவரை, எனக்குச் சொன்னது எங்கள் தெரு மளிகைக் கடைக்காரர். "அவருக்கு அலுவலகம் எல்லாம் கிடையாது. காலையில் டீக்கடையில் இருப்பார். உறையூரைத் தாண்டி வீடு காட்டமாட்டார்" என்றார். அந்தக் கடைசி வாக்கியம்தான் என்னைப் போகச் சொன்னது. முதல் தரகர் ஸ்ரீரங்கத்திலிருந்து பஞ்சப்பூர் வரை எங்கே கேட்டாலும் வீடு இருக்கிறது என்றவர். இவரிடம் ஸ்ரீரங்கத்தில் ஏதாவது உண்டா என்று கேட்டுப் பார்த்தேன். "அங்கே கோயிலுக்குச் சொந்தமான அடிமனை எது, சொந்த மனை எது என்று அங்கேயே பிறந்தவர்களுக்குத்தான் தெரியும். நான் அங்கே கைவைப்பதில்லை" என்றார்.

அவர் நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். காலிகோ அட்டை போட்ட நீளக் கணக்கு நோட்டு. ஒரு தெருவுக்கு நான்கைந்து பக்கம். கதவு எண், யாருடையது, எத்தனை பிள்ளைகள், யார் எங்கே இருக்கிறார்கள், தண்ணீர் எந்த மாதம் குறையும், பொதுச் சுவர் எது, எந்தச் சந்தில் நடைபாதைத் தகராறு, எந்த வீட்டின் சாக்கடை அடுத்த வீட்டு மனை வழியாகப் போகிறது. விலை மட்டும் பென்சிலில். "அது மாறிக்கொண்டே இருக்கும்" என்றார்.

நாங்கள் பார்த்த இரண்டாவது வீட்டில் ஒன்று நடந்தது. புதிதாக வெள்ளையடித்து, கூடத்தில் டைல்ஸ் போட்டு, பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் பையிலிருந்து ஒரு சாக்குக்கட்டியை எடுத்து, கூடத்துச் சுவரில் என் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே ஒரு கோடு போட்டார். "2005 வெள்ளத்தில் தண்ணீர் இதுவரை வந்தது. இந்தச் சுவரை அப்போது நான் பார்த்திருக்கிறேன்" என்றார். அந்த ஆண்டு குடமுருட்டியும் கோரையாறும் பெருகித் திருச்சியின் மேற்குப் பக்கம் மிதந்தது பலருக்கு நினைவிருக்கும். நினைவு இருக்கும், ஆனால் எந்தச் சுவரில் எத்தனை அடி என்பது யாருக்கு நினைவிருக்கும்? எந்தப் பத்திரத்திலும் அந்தக் கோடு இல்லை. வீட்டுக்காரர் அந்தக் கோட்டைப் பார்த்து முகம் கறுத்தார். பெரியவர் கைக்குட்டையால் அதைத் துடைத்துவிட்டு, "விலையில் கழித்துக்கொண்டு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், கவலைப்படாதீர்கள்" என்று அவரிடமும் சொல்லிவிட்டு வந்தார்.

வீடு தேடித் தருவதற்குத் தரகர் தேவையில்லை என்று நான் முதலில் நினைத்ததில் தவறில்லை. பத்திரம் பார்ப்பதற்கும் அவர் தேவையில்லை. வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்தில் கட்டணமில்லாமல் பார்க்கலாம். பட்டா விவரம் அரசின் மின்சேவைத் தளத்தில் கிடைக்கிறது. மூலப் பத்திரத்திலிருந்து இன்றைய பத்திரம் வரை சங்கிலி அறுபடாமல் வருகிறதா என்று பார்க்க வழக்கறிஞர் இருக்கிறார். ஆனால் வில்லங்கச் சான்றில் பதிவானவை மட்டுமே வரும். பதிவாகாத உயில், வாய்மொழியாகப் பிரித்துக்கொண்ட பாகம், பேசாமல் ஒதுக்கப்பட்ட மகள், சுவரில் நின்ற வெள்ளம் ஆகிய எதுவும் அதில் வராது. அங்கேதான் தெருவை அறிந்த மனிதருக்கு வேலை இருக்கிறது. அந்த அறிவுக்குத்தான் நான் பணம் கொடுக்கிறேன்.

பணத்தை எப்படிக் கொடுப்பது என்பதை முதல் நாளே பேசிக்கொண்டேன். "ஐயா, விழுக்காடு வேண்டாம். வீடு என்ன விலைக்கு முடிந்தாலும் 40,000 ரூபாய். அக்ரிமென்ட் அன்று பத்து, பதிவு முடிந்ததும் இருபது, பட்டா எங்கள் பெயருக்கு மாறியதும் மீதி பத்து. சரியா?" என்றேன். சிறிது நேரம் யோசித்தார். முப்பத்தைந்து ஆண்டில் யாரும் இப்படிக் கேட்டதில்லை என்றார். பிறகு ஒப்புக்கொண்டார். விற்பவரிடமும் வாங்குவீர்களா என்று கேட்டேன். "வாங்குவேன். ஒரு விழுக்காடு. மறைக்க மாட்டேன்" என்றார். அந்த ஒளிவுமறைவற்ற பதில் எனக்குப் போதுமானதாக இருந்தது. ஒரு வெள்ளைத்தாளில் ஐந்து வரி எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். விற்பவரை முன்பணத்துக்கு முன் நான் நேரில் பார்ப்பேன் என்பது அதில் மூன்றாவது வரி.

கமிஷன் நிலையான தொகையாக இருந்தால் தரகருக்கு விலையை ஏற்றுவதில் அக்கறை குறைகிறது. பட்டா மாறும்வரை பத்தாயிரம் நின்றால், பதிவு முடிந்ததும் போனை எடுக்காத பழக்கம் போய்விடுகிறது. இந்த ஏற்பாட்டை மறுக்கிற தரகரைக் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். ஆனால் எழுதவே மறுக்கிறவரிடம் நான் போகமாட்டேன்.

மனைப்பிரிவிலோ புதிய அடுக்குமாடியிலோ வாங்குபவர்களுக்கு நிலைமை வேறு. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட அல்லது எட்டு வீட்டுக்கு மேற்பட்ட திட்டங்கள் பதிவு செய்யப்பட வேண்டும். அவற்றில் விற்றுத் தரும் முகவரும் பதிவு எண் வாங்கியிருக்க வேண்டும். பதிவு இல்லாமல் விற்றால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம் உண்டு, சொத்தின் மதிப்பில் ஐந்து விழுக்காடு வரை அது போகலாம். அந்தச் சட்டப்படி அமைந்த தமிழ்நாடு ஆணையத்தின் தளத்தில் முகவர் பெயரைத் தேடிப் பார்க்க ஐந்து நிமிடம் ஆகாது. ஆனால் எங்கள் உறையூர் மாதிரிப் பழைய தெருவில், தனி வீடு கைமாறும் இடத்தில், அந்தப் பதிவு கட்டாயம் இல்லை. அங்கே பதிவு எண்ணைத் தேடிக்கொண்டிருந்தால் நல்லவரைத் தவறவிடுவோம். மனைப்பிரிவில் பதிவு எண் இல்லாதவரை நம்பினால் பணத்தைத் தவறவிடுவோம்.

மனை விஷயத்தில் இன்னொன்று. "பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கிறது" என்று எந்தத் தரகர் சொன்னாலும் அங்கேயே எழுந்துவிடுங்கள். மனைப்பிரிவுக்கு அனுமதி தருவது நகர் ஊரமைப்பு இயக்ககம், சென்னைப் பகுதியில் சிஎம்டிஏ என்ற சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம். பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்துக்கு அந்த அதிகாரம் இல்லை. 2016இல் சென்னை உயர் நீதிமன்றம் அனுமதியற்ற மனைகளின் பதிவை நிறுத்தியபோது எத்தனை குடும்பங்கள் கையில் பத்திரத்தை வைத்துக்கொண்டு விற்கவும் முடியாமல் கட்டவும் முடியாமல் நின்றன என்பதை நான் அலுவலகத்திலேயே பார்த்தேன். அடுத்த ஆண்டு அத்தகைய மனைகளை முறைப்படுத்தும் வரன்முறைத் திட்டம் வந்து பலரைக் காப்பாற்றியது. ஆனால் அவர்களிடம் அந்த மனையை விற்ற தரகர்கள் யாரும் வந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதேபோல, தரகரே "பவர்", அதாவது உரிமையாளர் சார்பில் விற்கும் அதிகாரப் பத்திரம், வைத்துக்கொண்டு விற்கிறார் என்றால், பவர் கொடுத்தவரை நேரில் பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்கக் கூடாது. பவர் பத்திரத்தையும் விற்பனை ஒப்பந்தத்தையும் வைத்துக்கொண்டு சொத்துரிமை மாறிவிட்டதாகச் சொல்ல முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்திருக்கிறது.

சொந்தக்காரரிடமிருந்தோ, இருபது ஆண்டாகப் பக்கத்தில் இருக்கும் அண்டை வீட்டாரிடமிருந்தோ வாங்குபவருக்குத் தரகர் வேண்டாம், வழக்கறிஞர் போதும். கட்டுநரிடம் நேராகப் புது வீடு வாங்குபவருக்கும் வேண்டாம்.

விற்பவர்களுக்கு ஒரு வார்த்தை. என் தம்பி குவைத்தில் இருக்கிறான். அவன் மாமனார் வீட்டு மனை ஒன்றை விற்க எட்டுத் தரகர்களிடம் சொல்லி வைத்தான். எட்டுப் பேர் வாயில் எட்டு விலை. ஆறு மாதத்தில் அந்த ஊரில் அது "அடிபட்ட மனை" ஆகிவிட்டது. இவ்வளவு நாள் விற்காமல் இருக்கிறதென்றால் ஏதோ வில்லங்கம் என்று எல்லாரும் ஒதுங்கினார்கள். கடைசியில் வாங்க வந்தவரை நாங்கள்தான் கூட்டிவந்தோம் என்று இரண்டு தரகர்கள் அடித்துக்கொண்டார்கள். ஒரே ஆளிடம் மூன்று மாதம் என்று எழுதிக் கொடுங்கள். அவர் முடிக்காவிட்டால் அடுத்தவர். வாங்குபவர்களும், எந்த வீட்டை எந்தத் தேதியில் யார் காட்டினார் என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். கமிஷன் சண்டை வரும்போது அந்த நோட்டு பேசும்.

ஆளைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று என்னைக் கேட்டால், அவர் விற்காத ஒரு வீட்டைப் பற்றி அவரிடம் கேளுங்கள் என்பேன். தெருவில் நடக்கும்போது ஏதாவது ஒரு வீட்டைக் காட்டி, "இது யாருடையது? ஏன் பூட்டிக் கிடக்கிறது?" என்று கேளுங்கள். தெரிந்தவர் சொல்லிக்கொண்டே வருவார். தெரியாதவர் தன் கையிலிருக்கும் வீட்டுக்கே பேச்சைத் திருப்புவார். அவர் கடைசியாக முடித்துக்கொடுத்த இரண்டு மூன்று வீடுகளுக்குப் போய், குடியிருப்பவர்களிடம் அரை மணி நேரம் பேசுங்கள். நான் போன வீடுகளில் ஒன்றில், வந்த பிறகு மோட்டார் பழுதானபோதுகூட அவர்தான் ஆள் அனுப்பினார் என்றார்கள். வழக்கறிஞரை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிப் பாருங்கள். "எதற்கு அம்மா செலவு, நம்மிடமே ஆள் இருக்கிறார்" என்று அவசரமாகச் சொன்னால் யோசிக்க வேண்டும். வழக்கறிஞரும் தரகரும் ஒரே டீக்கடைக் கூட்டாளிகளாக இருந்தால் இரண்டு பேருக்கும் பணம் கொடுத்தும் ஒரு கண்தான் பார்க்கும்.

சிவப்புத் தரை வீட்டை விட்டுவிட்டு வந்த அன்று அம்மா இரவு சாப்பிடவில்லை. நானும் மறுநாள் பெரியவரிடம் கேட்டேன்: முன்பணம் கொடுத்து வைத்துவிட்டு அக்காவின் கையெழுத்துக்குக் காத்திருக்கலாமே? "பணம் கைக்கு வந்துவிட்டால் அந்தத் தம்பிகள் அக்காவை மிரட்டித்தான் வாங்குவார்கள். இல்லாவிட்டால் அவள் வழக்குப் போடுவாள். இரண்டிலும் நடுவில் நிற்பது நீங்கள்" என்றார். அந்த வீடு அன்று முடிந்திருந்தால் இரு பக்கமும் சேர்த்து அவருக்கு எண்பதாயிரத்துக்கு மேல் கிடைத்திருக்கும். அந்த மாதம் அவர் வீட்டில் பேத்திக்குக் காது குத்து இருந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

மூன்று மாதம் கழித்து, அதே உறையூரில் இரண்டு தெரு தள்ளி, இப்போது நாங்கள் இருக்கும் வீட்டைக் காட்டினார். சாதாரணத் தளம் போட்ட வீடு. கிணறு இல்லை, ஆழ்துளைக் கிணறுதான். கேட்ட விலை 43 லட்சம். விற்பவர் மகனின் படிப்புக்குப் பணம் தேவைப்பட்டு விற்கிறார், ஜூனுக்குள் வேண்டும் என்பதைப் பெரியவர் என்னிடம் மறைக்கவில்லை. என் வங்கிக் கடன் தயாராக இருக்கிறது, சொன்ன நாளில் பணம் வரும் என்பதை விற்பவரிடமும் மறைக்கவில்லை. 40 லட்சத்து 50 ஆயிரத்துக்கு முடிந்தது. முத்திரைத் தீர்வை ஏழு விழுக்காடு, பதிவுக் கட்டணம் இரண்டு விழுக்காடு, ஆக 3,64,500 ரூபாய் அரசுக்குப் போயிற்று. அந்தத் தொகைக்குப் பக்கத்தில் பெரியவரின் 40,000 எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

பதிவு நாளன்று அவர் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எங்களுக்கு முன்பே வந்து, வேப்ப மரத்தடியில் நின்றிருந்தார். நான்கு எல்லைகளைச் சொல்லும் செக்குபந்தியை என் வழக்கறிஞர் படித்தபோது, வடக்கு எல்லையில் பழைய உரிமையாளர் பெயர் இருப்பதைப் பெரியவர் கவனித்து, இன்றைய பெயரையும் சேர்க்கச் சொன்னார். பட்டா மாறியதைக் காட்டி மீதிப் பத்தாயிரத்தைக் கொடுத்தபோது நோட்டைத் திறந்து, எங்கள் கதவு எண்ணுக்கு நேரே பழைய பெயரை ஒரு கோட்டால் அடித்துவிட்டு அம்மாவின் பெயரை எழுதினார். "பிள்ளைகள் இரண்டு. ஒருவர் குவைத்" என்று அதன் கீழே எழுதிக்கொண்டார்.

சென்ற தை மாதத்தில் அவரிடமிருந்து போன் வந்தது. "அம்மா, அந்தச் சிவப்புத் தரை வீடு முடிந்துவிட்டது. அக்காவும் வந்து தம்பிகளோடு சேர்ந்தே கிரயத்தில் கையெழுத்துப் போட்டாள். பணம் மூன்று பாகமாகத்தான் போயிற்று. உங்களிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது" என்றார். அம்மாவிடம் சொன்னேன். அந்த வெள்ளிக்கிழமை வெக்காளியம்மன் கோயிலுக்குப் போய்த் திரும்பும்போது அந்தத் தெரு வழியாகப் போகலாம் என்றார். வாசலில் புதியவர்கள் பெரிய கோலமாகப் போட்டிருந்தார்கள். அம்மா திண்ணையைக் கடந்து பக்கத்துச் சந்து வரை நடந்து போய்ச் சுவருக்கு மேலே பார்த்தார். கறிவேப்பிலை மரத்தை அவர்கள் வெட்டியிருக்கவில்லை.